கேமரா இல்லாத நீலப்படம்: அன்னா அட்கின்ஸ் வழியில், பெங்களூரு மொட்டைமாடியில்

ரசாயனம் பூசிய தாளில் வெயிலைக் கொண்டு நீலப்படம் பதிக்கும் முறைக்குச் சயனோடைப் என்று பெயர். அதில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கைக்குக் கிடைத்த இலை, பூ, இறகு எல்லாவற்றையும் ஒரே தாளில் பரப்பி வெயிலில் வைத்து எடுத்துவிட்டு, ‘அன்னா அட்கின்ஸ் பாணி’ என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். நீலம் யாருக்கும் வரும். இரண்டு ரசாயனமும் கொஞ்சம் வெயிலும் குழாய்த் தண்ணீரும் இருந்தால் போதும். அட்கின்ஸின் பாணி நீலத்தில் இல்லை. ஒரு தாளுக்கு ஒரே செடி. அதன் கிளையும் நுனியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி விரித்த பொறுமை. அடியில் கையால் எழுதிய பெயர். அதே அளவில் அடுத்தடுத்த தாள்கள். அவர் பாணி இதுதான். அதைச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்காக, பெங்களூரின் வெயிலையும் தண்ணீரையும் கடைத்தெருவையும் மனதில் வைத்து எழுதியது இது.

யார் இந்த அட்கின்ஸ்?

1799-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த விஞ்ஞானி. அவர் மொழிபெயர்த்த சிப்பிகள் பற்றிய நூலுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்து கொடுத்தவர் மகள்தான். ஆக, புகைப்படத்துக்கு வருமுன்பே ஒரு பொருளை உற்றுப் பார்த்துப் பதிவு செய்கிற கை அவருக்கு இருந்தது.

குடும்ப நண்பரான ஜான் ஹெர்ஷல் 1842-ல் சயனோடைப் முறையைக் கண்டுபிடித்தார். மறு வருடமே, 1843 அக்டோபரில், பிரிட்டனின் கடற்பாசிகளைப் பற்றிய தம் நூலின் முதல் பகுதியை அட்கின்ஸ் வெளியிட்டார். 1853 வரை பகுதி பகுதியாக அது வந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய 400 படங்கள். 1841-ல் வில்லியம் ஹார்வி எழுதிய கடற்பாசிக் கையேட்டில் படங்கள் கிடையாது. அதோடு சேர்த்து வைத்துப் பார்ப்பதற்கு உதவவே இவை. இவ்வளவு நுண்ணிய பாசிகளைத் துல்லியமாக வரைவது கடினம் என்பதால்தான் ஹெர்ஷலின் முறையை எடுத்துக்கொண்டதாக முன்னுரையிலேயே சொல்கிறார். அந்த முன்னுரையும், தலைப்பும், செடிப் பெயர்களும்கூட அவர் கையெழுத்தில், அதே நீலத்தில் பதிந்தவை. பிற்பாடு தோழி ஆன் டிக்ஸனுடன் சேர்ந்து பெரணிகளையும் பூச்செடிகளையும் இதே போலச் செய்தார். ‘ஏ. ஏ.’ என்று மட்டும் கையெழுத்திட்டதால் ‘அநாமதேய அமெச்சூர்’ என்று ஒருவர் அர்த்தம் பண்ணிக்கொண்ட கூத்தும் நடந்தது.

நெகட்டிவ் கிடையாது, கேமரா கிடையாது. உலர்ந்த பாசியை ரசாயனம் பூசிய தாளின்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் காட்டினார். எந்த இடத்தில் செடி வெயிலை மறைத்ததோ அந்த இடம் வெள்ளை. நாமும் அதையே செய்யப் போகிறோம்.

ரசாயனம்: எதைக் கேட்டு வாங்குவது

இரண்டே இரண்டு. பச்சை நிற ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் ஒன்று, பொட்டாசியம் ஃபெரிசயனைடு இன்னொன்று. லேப் கெமிக்கல் விற்கும் கடைகளில் கிடைக்கும், ஆன்லைனிலும் வாங்கலாம். முதலாவது பழுப்பு நிறத்திலும் வரும். அதுவும் வேலை செய்யும், ஆனால் மந்தமானது. பச்சையே வாங்குங்கள்.

இரண்டாவதில்தான் தவறு நடக்கும். ஃபெரிசயனைடு ஆழ்ந்த சிவப்புப் படிகம். ஃபெர்ரோசயனைடு என்று இன்னொன்று உண்டு, வெளிர் மஞ்சள் படிகம். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டால் இரண்டு கரைசலையும் கலந்த அந்த நொடியிலேயே வெயிலே படாமல் நீலமாகிவிடும். அப்படி ஆனால் ரசாயனம் மாறிவிட்டது என்று அர்த்தம். உங்கள் கைத்தவறு அல்ல.

பெயரில் சயனைடு இருப்பதைப் பார்த்து வீட்டார் பயப்படலாம். இதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் சாதாரணமாகக் கையாளுவதில் ஆபத்து குறைவு. ஆனால் கடுமையான அமிலமோ அதிகச் சூடோ பட்டால் நச்சு வாயு வரும். ஆகவே இந்தக் கரைசலை அடுப்பில் காய்ச்சாதீர்கள். மிச்சத்தை டாய்லெட்டில் ஊற்றி அதன்மேல் ஆசிட் கிளீனர் ஊற்றுவது கூடவே கூடாது. கையுறை போடுங்கள். தராசு, கப், ஸ்பூன் எதுவும் திரும்பச் சமையலறைக்குப் போகக் கூடாது. பொடியை ஃபேன் அடியில் நிறுக்காதீர்கள். பறந்து விழுந்த துகள் ஒவ்வொன்றும் பிறகு தாளில் ஒரு நீலப் புள்ளி.

அளவு இது:

முதல் கரைசல்: பச்சை சிட்ரேட் 25 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 100 மில்லி வரை.
இரண்டாம் கரைசல்: ஃபெரிசயனைடு 10 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 100 மில்லி வரை.

‘வரை’ என்பதைக் கவனிக்கவும். பொடியை முதலில் 70 மில்லி தண்ணீரில் கரைத்துவிட்டு, பிறகு 100 மில்லி கோட்டைத் தொடும்வரை ஊற்ற வேண்டும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரே போதும். 0.1 கிராம் காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு அவசியம். ஸ்பூன் கணக்கு ஒத்துவராது. இரண்டையும் தனித்தனி பழுப்புப் பாட்டிலில் வைத்து, தேதி எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இருட்டு அலமாரியில் வையுங்கள். தனித்தனியாக இருக்கும்வரை மாதக்கணக்கில் தாங்கும். முதல் கரைசலில் மட்டும் சில வாரங்களில் பூஞ்சை மிதக்கும். காபி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டிவிட்டால் சரி (வீட்டு பித்தளை ஃபில்டரைத் தொடாதீர்கள்). கலந்துவிட்ட கரைசலை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். பிரஷ்ஷில் பூசினால் ஏ4 தாளுக்குக் கிட்டத்தட்ட 3 மில்லி போகும். ஐந்து தாள் செய்ய இதில் 8 மில்லி, அதில் 8 மில்லி என்று சிரிஞ்சில் எடுத்துக் கலந்தால் சரியாக இருக்கும்.

தாள்

200 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) மேற்பட்ட வாட்டர்கலர் தாள், முடிந்தால் முழுப் பருத்தி. இது அரை மணி நேரம் தண்ணீரில் கிடக்கப் போகிறது. ஜெராக்ஸ் தாள் கிழிந்துவிடும், சார்ட் பேப்பர் தோலுரியும். சொரசொரப்பு குறைந்த பக்கத்தில் பூசினால் நுண்ணிய நரம்புகள் தெளிவாக வரும்.

தாளில் ஒரு ரகசியப் பகை உண்டு. பல தாள்களில் நாளாவட்டத்தில் மஞ்சளாகாமல் இருக்கச் சுண்ணாம்புச் சத்து சேர்த்திருப்பார்கள். அந்தக் காரம் நம் நீலத்தைத் தின்னும். விலையுயர்ந்த தாளில் படம் சாம்பல் பூத்தாற்போல் மங்கி வந்து, மலிவுத் தாளில் அடர்த்தியாக வருகிற விநோதத்துக்கு இதுதான் காரணம். ஒரு துண்டைக் கிழித்து அதில் ஒரு சொட்டு சிட்ரிக் ஆசிட் கரைசலை விட்டு, லென்ஸ் வழியே பாருங்கள். பொடிப் பொடியாகக் குமிழ் எழுந்தால் சுண்ணாம்பு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, குமிழ் அடங்கும்வரை, சுமாராக அரை மணி நேரம், தாளை ஊறவைத்து, அலசிக் காயவைத்தால் சரியாகிவிடும். தூங்கப் போகும் முன் செய்து வைத்தால் காலையில் தாள் தயார்.

செடியைத் தேர்ந்தெடுப்பது

லால்பாக்கிலும் கப்பன் பார்க்கிலும் இலை பறிக்கக் கூடாது. அங்கே மரங்களில் தொங்கும் பெயர்ப்பலகையைப் பார்த்துத் தாவரவியல் பெயரைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பறிப்பதற்கு உங்கள் தொட்டிச் செடியும், தெருவோரக் களையும், மழைக்குப் பின் காம்பவுண்டுச் சுவரில் முளைக்கும் பெரணியும் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட கே.ஆர். மார்க்கெட் இருக்கிறது.

அங்கே முதலில் வாங்க வேண்டியது சப்பசிகே சொப்பு. நம் ஊரில் சதகுப்பைக் கீரை என்போம். அதன் இழை இழையான இலையைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் அசல் கடற்பாசி போலவே விரியும். கடலே இல்லாத ஊரில் அட்கின்ஸுக்கு இதைவிட நெருங்கி வர முடியாது. அடுத்து, பூக்காரர்களிடம் மரிக்கொழுந்து. மூன்றாவதாக, மீன் தொட்டிக் கடையில் விற்கும் கபோம்பா, ஹைட்ரில்லா போன்ற தண்ணீர்ச் செடிகள். வரமகாலட்சுமி பண்டிகைக்கு முந்தின நாள்களில் மட்டும் மார்க்கெட் பக்கம் போகாதீர்கள். விலையும் ஏறியிருக்கும், கூட்டத்தில் இலையும் கசங்கும்.

எது நன்றாக வரும் என்பதற்கு ஒரே அளவுகோல்: இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவினால் படத்தில் பல அடுக்கு நீலம் கிடைக்கும். மாவிலை, பலா இலை எல்லாம் வெறும் வெள்ளை நிழல்தான். நரம்பு ஒன்றும் தெரியாது. செம்பருத்தி இதழில் நரம்பு பதியும். முருங்கை, கொத்தமல்லி, அருகம்புல், பெரணி ஆகியவை ஆரம்பத்துக்கு நல்லவை. தூங்குமூஞ்சி மரம், புளி போன்றவற்றின் இலைகள் மாலையில் மூடிக்கொள்ளும் என்பதால் காலை 10 மணி வாக்கில் எடுத்து அங்கேயே புத்தகத்துக்குள் வைத்துவிட வேண்டும். தொட்டாற்சிணுங்கியை விட்டுவிடுங்கள், அதனோடு மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது.

விரிப்பது: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

பச்சை இலையை அப்படியே தாளில் வைத்துக் கண்ணாடியை மூடினால், வெயில் சூட்டில் இலை வியர்க்கும். அந்த ஈரம் பூச்சைக் கரைத்து, இலையைச் சுற்றி மஞ்சள் கலந்த கறையாகப் பரவும். சிலர் அதையே அழகென்று வேண்டுமென்றே செய்கிறார்கள். அது வேறு கலை, அட்கின்ஸுடையது அல்ல. நமக்கு இலை காய்ந்திருக்க வேண்டும், தட்டையாக இருக்க வேண்டும்.

கெட்டியான இலைகளுக்கு வேலை சுலபம். செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து மேலே கனமான புத்தகங்கள் அடுக்கி, தினமும் தாளை மாற்றினால் மூன்று நான்கு நாளில் தயார். மழைக்காலத்தில் ஒரு வாரம் ஆகும். தாள் மாற்ற மறந்தால் இலை கறுத்துப் பூஞ்சை பிடிக்கும்.

சதகுப்பை, கபோம்பா போன்ற இழைச் செடிகளை மிதக்கவிட்டுத்தான் விரிக்க முடியும். அகலமான பிளாஸ்டிக் ட்ரேயில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஏ4 ஓஎச்பி ஷீட் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) ஒன்றை அடியில் அமிழ்த்துங்கள். செடியை மேலே மிதக்கவிட்டு, மெல்லிய வாட்டர்கலர் பிரஷ்ஷால் ஒவ்வொரு கிளையாகப் பிரித்து விடுங்கள். இரண்டு கிளை ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் அந்த இடம் படத்தில் கட்டியாகத் தெரியும். தேவையில்லாத கிளையைக் கத்தரியால் வெட்டி எடுக்கத் தயங்காதீர்கள். செடி ஷீட்டின் நடுவில், அடியில் பெயர் எழுத நான்கு சென்டிமீட்டர் இடம் விட்டு இருக்கட்டும். இப்போது ஷீட்டின் ஒரு ஓரத்தைப் பிடித்து மெதுவாகச் சாய்த்துத் தூக்குங்கள். தண்ணீர் வடியும் திசையில் இழைகள் படுத்துக்கொள்ளும். அதனால் வேர்ப்பக்கம் முதலில் வெளியே வருமாறு தூக்குவது நல்லது. வேகமாகத் தூக்கினால் எல்லாம் ஒரு கொத்தாகச் சுருண்டுவிடும். திரும்ப மிதக்கவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வடிந்ததும் மேலே பழைய வேட்டித் துண்டு, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் பலகை, பலகையின்மேல் கனம். மறுநாள் துணியை உரிக்கும்போது செடி துணியோடு வந்துவிடாமல் ஒரு மூலையிலிருந்து பார்த்துப் பார்த்து எடுங்கள். தண்ணீர்ச் செடிகள் பெரும்பாலும் தம் வழவழப்பாலேயே ஷீட்டில் ஒட்டிக்கொள்ளும். கீரை ஒட்டாது. அது கிடக்கட்டும், படம் எடுக்கும்போது கண்ணாடி அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

ஷீட்டில் ஏற்றுவதில் இன்னொரு லாபம்: அதே செடியை வைத்துப் பல பிரதிகள் எடுக்கலாம். அட்கின்ஸும் ஒரே மாதிரியைப் பல பிரதிகளுக்குப் பயன்படுத்தினார். ஷீட் தாளின் அளவிலேயே இருக்க வேண்டும். சிறியதாக இருந்தால் அதன் ஓரம் படத்தில் மெல்லிய கோடாக விழும்.

பெயர் எழுதுவது

இதை விட்டுவிட்டால் மிஞ்சுவது வாழ்த்து அட்டை. தாவரவியல் பெயர், தமிழ்ப் பெயர், எடுத்த இடம், மாதம், வருடம். இவ்வளவும் இரண்டு வரிக்குள். ‘சதகுப்பை, கே.ஆர். மார்க்கெட்’ என்று எழுதினால்கூடப் போதும், பிறகு பார்க்கிறவருக்கு அது தகவல்.

டிரேசிங் பேப்பரில் தொட்டு எழுதும் பேனாவும் இந்தியன் இங்க்கும் கொண்டு எழுதுவது நல்லது. அந்த மையில் கரி இருப்பதால் ஒளியை முழுக்க மறைத்து எழுத்து பளிச்சென்று வெள்ளையாக வரும். மார்க்கர் பேனாக்களை நம்ப முடியாது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில மை புற ஊதாக் கதிரை உள்ளே விட்டுவிடும். எழுத்து வெளிர் நீலமாக மங்கிப்போகும். ஒரு துண்டில் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள். எழுதிய பக்கம் மேலே பார்த்தபடி இருந்தால் படத்திலும் நேராக வரும். கையெழுத்து மோசமென்று டிடிபி செய்யாதீர்கள். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கையால் எழுதியதுதான் இங்கே பொருந்தும்.

பூசுவது

ஜன்னலை மூடி, மஞ்சள் ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் செய்யலாம். முழு இருட்டு தேவையில்லை. பகல் வெளிச்சமும் ட்யூப் லைட்டும்தான் ஆகாது. இரும்பு வளையம் போட்ட பிரஷ் வேண்டாம். ரசாயனம் உலோகத்தோடு சேர்ந்து அங்கங்கே நீலத் திட்டாகும். ஸ்பாஞ்ச் பிரஷ் மலிவு, அது போதும்.

இரண்டு கரைசலையும் சம அளவில் பீங்கான் கிண்ணத்தில் கலந்து, இடம் வலமாக ஒரு முறை, மேலும் கீழுமாக ஒரு முறை பூசுங்கள். குளம் கட்டவிடாதீர்கள். தேங்கிய இடம் தாளுக்குள் ஊறாமல் மேலாகவே காய்ந்து, கழுவும்போது நீலமாக ஒழுகிப்போகும். ஓரத்தில் பிரஷ் தடம் தெரிவது பிடிக்காதவர்கள் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளலாம். பிறகு இருட்டில் காயவிடுங்கள். கோடையில் முக்கால் மணி நேரம், ஜூலை ஆகஸ்டில் இரண்டு மணி நேரம். அவசரமென்றால் ஹேர் டிரையரைக் குளிர் காற்றில் வைத்துக் காட்டலாம். காய்ந்த தாள் எலுமிச்சை கலந்த பச்சையாக இருக்க வேண்டும். வெயிலுக்குப் போகுமுன்பே நீலம் தட்டியிருந்தால் அது வீண். பூசிய அன்றே பயன்படுத்திவிடுங்கள்.

வெயில்

அடுக்கும் வரிசை: அடியில் பலகை, அதன்மேல் பூசிய தாள், அதன்மேல் ஓஎச்பி ஷீட்டைக் கவிழ்த்துச் செடி தாளைத் தொடும்படி, செடிக்குக் கீழே விட்ட இடத்தில் பெயர்த் துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே 4 மில்லிமீட்டர் கண்ணாடி. நான்கு பக்கமும் பைண்டர் கிளிப். கண்ணாடிக் கடையில் வெட்டும்போதே ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கை கிழியும். அக்ரிலிக் ஷீட் வாங்காதீர்கள். அவற்றில் பல, புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்காகவே செய்யப்பட்டவை. செடிக்கும் தாளுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் விளிம்பு மங்கும். தண்டு தடிமனாக இருந்தால் தாளுக்கு அடியில் மெல்லிய ஃபோம் ஷீட் ஒன்று வைத்தால் அழுத்தம் சீராகும்.

பெங்களூரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரம் 12 அடிக்கும்போது அல்ல, சுமாராக 12.20-க்கு. காலை 10.30 முதல் 2.30 வரை நல்ல நேரம். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும், நிழலே விழாது. அந்த வாரங்களில் பலகையைத் தரையில் தட்டையாக வைத்தாலே விளிம்புகள் கூர்மையாக வரும். டிசம்பரில் நண்பகலிலும் சூரியன் தெற்கே 36 டிகிரி சாய்ந்திருக்கும். பலகையைத் தெற்கு பார்த்து அவ்வளவு சாய்த்து வைக்க வேண்டும். சரியாகச் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடியின்மேல் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் நிழல் மறைந்தால் சரி.

எவ்வளவு நேரம்? மார்ச், ஏப்ரல் உச்சி வெயிலில் 6 முதல் 10 நிமிடம். டிசம்பரில் 10 முதல் 15. மேகம் மூடியிருந்தால் 30 நிமிடம்கூட ஆகலாம். அதோடு ஒளி நாலாப்பக்கமிருந்தும் வந்து தண்டுக்கு அடியிலும் புகுந்துவிடும். ஜூன் ஜூலையில் தொடங்கிய பலர் படம் மங்கலாக இருக்கிறதென்று ரசாயனத்தைக் குறை சொல்வது இதனால்தான். இந்த எண்களை அப்படியே நம்ப வேண்டாம். பூசிய தாளில் ஒரு பட்டை வெட்டி, கண்ணாடிக்கடியில் வைத்து, அட்டையால் மூடி, 3, 5, 8, 12, 16 நிமிடம் என்று படிப்படியாகத் திறந்து காட்டிக் கழுவிப் பாருங்கள். கழுவிக் காய்ந்த பிறகும் எந்தப் படியில் நீலம் இனி அடர்த்தியாவதில்லையோ அதுதான் உங்கள் நேரம்.

கண்ணால் பார்த்தும் சொல்லலாம். செடிக்கு வெளியே இருக்கும் தாள் முதலில் பச்சையிலிருந்து நீலமாகும், பிறகு அழுக்கு நீலமாகும், கடைசியில் வெண்கலச் சாம்பல் பூக்கும். அந்தச் சாம்பல் வரும்வரை பொறுக்க வேண்டும். புதியவர்கள் நீலத்தைப் பார்த்ததும் ‘ஆகிவிட்டது’ என்று எடுத்துவிடுகிறார்கள். அதில் பாதி தண்ணீரில் கழுவிப் போய்விடும். கொஞ்சம் கூடிப்போனால் பெரிய நஷ்டமில்லை. குறைந்துபோனால் காப்பாற்ற வழியில்லை.

தண்ணீர்

சயனோடைப்பின் நீலம் அமிலத்தைத் தாங்கும். காரத்தில் சிதைந்து, இரும்புத் துரு நிறத்தில் மஞ்சளாகும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பெங்களூரில் நடக்கும் பாதித் தோல்விகளுக்குக் காரணம் தெரிந்துவிடும். காவேரித் தண்ணீர் வரும் வீடுகளில் பொதுவாகத் தொல்லை குறைவு. போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருக்கிற பகுதிகளில் தண்ணீர் கடினமாகவும் காரமாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே அரை மணி நேரம் கழுவினால் அடர்நீலம் கண் முன்னே வெளிறும். வெள்ளைப் பகுதியில் மஞ்சள் தங்கும். தீர்வு மலிவானது: லிட்டருக்கு ஒரு கிராம் சிட்ரிக் ஆசிட், அல்லது ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர். எலுமிச்சைச் சாறும் ஆகும், சக்கையை வடிகட்டிவிட வேண்டும்.

துணி ஊறவைக்கும் டப்பைக் கழுவிவிட்டுப் பயன்படுத்தாதீர்கள். அதன் சுவரில் ஒட்டியிருக்கும் சோப்புத் தூளே போதும், படத்தில் வெள்ளை விரல் தடங்களைப் போலத் திட்டுகள் விழுவதற்கு. இதற்கென்றே தனி ட்ரே வையுங்கள்.

முதல் தண்ணீர், சிட்ரிக் ஆசிட் கலந்தது, ஐந்து நிமிடம். தாளைக் கவிழ்த்துப் போட்டு மெல்ல ஆட்டிக்கொண்டே இருங்கள். மஞ்சள் கரைந்து வெளியேறும். அடுத்து இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி மொத்தம் 15 நிமிடம். செடியின் வெள்ளைப் பகுதியில் மஞ்சள் துளியும் இல்லாமல் போனால் போதும். மஞ்சள் தங்கினால் அந்த இடம் பிறகு வெளிச்சத்தில் நீலமாகிவிடும். இதற்காக மணிக்கணக்கில் ஊறவைத்தாலும் தவறு. நுண்ணிய நீல அடுக்குகள் கரைந்துபோகும்.

கழுவிய உடன் நீலம் கொஞ்சம் வெளிறியே இருக்கும். காற்றுப் பட்டு ஒரு நாளில் அடர்த்தியாகும். பொறுமையில்லாதவர்கள் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, அதில் தாளை அரை நிமிடம் முக்கினால், அந்த இடத்திலேயே அடர்நீலம் வரும். பார்க்க ஜாலவித்தை மாதிரி இருக்கும், இறுதி முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. காபி டிகாக்ஷனில் ஊறவைத்துப் பழுப்பாக்கும் வித்தையும் உண்டு. இந்தப் பாணிக்கு அது தேவையில்லை.

ஒன்றோடு நிறுத்தாமல்

ஒரு படம் நன்றாக வந்ததும் சட்டம் போட்டு மாட்டிவிட்டு நிறுத்திவிடுவதுதான் வழக்கம். அட்கின்ஸ் பத்து வருடம் ஒரே பொருளைத் தொடர்ந்தார். உங்களுக்கும் ஒரு எல்லை வேண்டும். அல்சூர் சந்தையில் ஒரு மாதத்தில் விற்கும் கீரைகள், உங்கள் தெருவின் களைகள், ஒரே சுவரில் மழைக்காலம் முழுக்க முளைப்பவை என்று ஏதாவது ஒன்று. தாள் அளவு, செடியின் இடம், பெயர் எழுதும் விதம் ஆகிய மூன்றையும் முதல் தாளிலேயே தீர்மானித்துவிட்டு, மாற்றாமல் பன்னிரண்டு தாள் செய்யுங்கள். ஐந்தாவது தாளிலேயே முருங்கைக்கும் கொத்தமல்லிக்கும் கிளை பிரிகிற விதத்தில் உள்ள வித்தியாசம் கண்ணில் படத் தொடங்கும். தனித்தனியாகச் செய்தால் அது தெரியாது.

ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பென்சிலில் கரைசல் தேதி, வெயிலில் வைத்த மணி, எத்தனை நிமிடம், எந்தத் தண்ணீர் என்று குறித்துவிடுங்கள். அடுத்த முறை வெளிறி வந்தால் எங்கே பிசகியது என்று தேட இதுவே துணை.

மாட்டுவதென்றால் நேர் வெயில் படாத சுவரில். வெளிச்சத்தில் நீலம் நாளடைவில் வெளிறும். சில நாள் இருட்டில், காற்றுப் படும்படி வைத்தால் பெருமளவு திரும்பி வரும். ஃபிரேம் கடையில் ‘ஆசிட் ஃப்ரீ’ என்று சொல்லித் தரும் மவுண்ட் அட்டையைச் சந்தேகத்தோடு பாருங்கள். அவற்றில் பலவற்றில் தாளில் பார்த்த அதே சுண்ணாம்பு இருக்கும். அதே சிட்ரிக் ஆசிட் சொட்டுச் சோதனையை அட்டையின் ஒரு துண்டிலும் செய்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.